சுங்கக் கந்தோருக்கு வந்த சிவப்பு வாகனம்

கொண்டல்பிட்டியில் அலெக்ஸாண்டரைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் அதில் அவர் பெருமைப்பட எதுவும் இல்லை. அந்தச் சிறுபட்டினத்தின் தீயணைப்புப் பொறுப்பதிகாரி அவர்தான். ஊருக்கோ அவர் 'தண்ணி அலெக்ஸ்'. மனிதர் ஒரு சொட்டும் குடிக்கமாட்டார். கலியாண வீடு, செத்த வீடு, கோயில் திருநாள் என்று எங்கே தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தாலும் பிரதேச சபைத் தவிசாளர் அவருடைய சிவப்பு வாகனத்தைத்தான் அனுப்பிவைப்பார். அலெக்ஸாண்டரும் போவார். அண்டாக்களை நிரப்பிக் கொடுப்பார். பந்தியில் இருத்திச் சோறு போட்டால் சாப்பிட்டுவிட்டு வருவார். இப்படியே வந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது.

அவர் பேசாலைக்காரர். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போனவர்கள். இவருக்கு வள்ளத்தில் கால் வைத்தாலே தலை சுற்றும். "தண்ணி ஒத்து வரேல்ல, அதாலதான் நெருப்பைப் பிடிச்சவர்" என்று அவருடைய மனைவி றொஷேல் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வாள். சொல்லிவிட்டு அவருடைய முகத்தைப் பார்ப்பாள். அவர் கேட்காதது போலத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்.

அந்த வாகனத்துக்கு ஒரு வீடும் கிடையாது. மீன்சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பூவரசின் கீழே நிற்கும். மீன் விற்கும் பெண்கள் அதன் ஏணியில் குடைகளையும் பைகளையும் கொழுவிவைப்பார்கள். சைரன் குழலுக்குள் காகம் செருகிவைத்த குச்சிகளைப் பிடுங்கி எறிவதுதான் சாரதி தம்புவுக்கு ஒவ்வொரு காலையும் முதல் வேலை.

ஊர் முழுவதும் சேர்ந்து செய்த கேலியை ஒரு தட்டில் வைத்தால், றொஷேலின் தமையன் சந்தியோகு செய்த கேலி மறுதட்டைக் கீழே இழுத்துவிடும். சந்தியோகு சொந்த வள்ளங்கள் வைத்திருக்கும் சம்மாட்டி. மச்சான் முறை வேறு. கேலி செய்யாவிட்டால் உறவில் ஏதோ கோளாறு என்று ஊர் நினைத்துவிடும். ஒருமுறை கடற்கரைக் குப்பைமேட்டில் தீப்பிடித்தபோது, வாகனத்தின் தாங்கியில் தண்ணீர் முடிந்து, கடலில் இருந்து இழுக்கலாம் என்று அலெக்ஸாண்டர் அதைக் கரைக்கு இறக்கினார். அந்தக் கரையில் கடல் முழங்கால் ஆழம் வருவதற்கே நெடுந்தூரம் நடக்கவேண்டும். தண்ணீரை எட்ட முன்னமே சில்லுகள் நான்கும் மணலுக்குள் புதைந்தன. குப்பை தானாக எரிந்து முடிந்தது. வாகனத்தை உழவு மெசின் வந்து இழுத்தது. அந்தக் காட்சியைச் சந்தியோகு எல்லாக் கூட்டத்திலும் நடித்துக் காட்டுவார். உழவு மெசினாகவும் அவரே, வாகனமாகவும் அவரே. அலெக்ஸாண்டராக மட்டும் ஒரு கதிரையை வைப்பார்.

இப்படி இருக்கும்போதுதான், பாழாய்க் கிடந்த பழைய சுங்கக் கந்தோர்க் கட்டிடத்தைத் திருத்தித் தீயணைப்பு நிலையமாக்குவது என்று சபை தீர்மானித்தது. அம்புலன்ஸ், கடலில் தவறுகிறவர்களை மீட்கும் உயிர்காப்பாளர்கள் எல்லோருக்கும் அதுவே இடம்.

ஒல்லாந்தர் கட்டியது என்று சிலர் சொல்வார்கள், வெள்ளைக்காரர் கட்டியது என்று சிலர் சொல்வார்கள். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்து, ஆள் படுக்கக்கூடிய தடிப்பில் சுவர்கள். நாலுபக்கமும் அறைகள், நடுவில் முற்றம், தெருவைப் பார்த்தபடி ஒரு பெரிய வளைவு வாசல். கப்பல் வந்த காலத்தில் அங்கே தீர்வை வாங்கினார்கள். பிறகு கூட்டுறவுச் சங்கக்கடையின் களஞ்சியம் இருந்தது. யுத்த காலத்தில் ஆமி இருந்தது. ஆமி போன பிறகு கழுதைகள் வந்தன. மத்தியான வெயிலுக்கு வந்து படுத்துவிட்டுப் பின்னேரம் எழும்பிப் போகும். அந்தக் கந்தோரில் நேரந்தவறாமல் வந்துபோனவை அவை மட்டும்தான் என்பது சந்தியோகுவின் கருத்து.

அலெக்ஸாண்டருக்கு அந்த வளைவைக் கண்டதுமே நெஞ்சு நிறைந்துவிட்டது. தினமும் பின்னேரம் எதிரே போய் நிற்பார். மனக்கண்ணில், கழுவித் துடைத்த சிவப்பு வாகனம் சைரன் ஒலியோடு அந்த வளைவுக்குள்ளிருந்து சீறிக்கொண்டு வெளியே வருகிறது. தெருவில் சனம் விலகுகிறது. விலகுகிற சனத்தில் முதல் ஆள் சந்தியோகு. இதை ஒருநாள் சாப்பிடும்போது றொஷேலுக்கு விவரமாகச் சொன்னார். வாகனம் திரும்பும் இடத்தில் கை போன வேகத்தில் சொதிக் கோப்பை கவிழ்ந்தது.

"முதல்ல இந்த வெள்ளத்தை அணையுங்கோ," என்று அவள் துடைக்கிற துணியை நீட்டினாள்.

திருத்த வேலைக்குப் பொறுப்பாகச் சபை நியமித்தது டிலக்சனாவை. நானாட்டானில் வயல் செய்கிற குடும்பத்துப் பிள்ளை, தொழில்நுட்ப உத்தியோகத்தர். சிரிப்பதாக இருந்தாலும் அளவுநாடாவை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பாள். வந்த முதல்நாளே வளைவுக்குக் கீழே ஏணி வைத்து ஏறி அளந்தாள். பிறகு மீன்சந்தைக்குப் போய் வாகனத்தை அளந்தாள். திரும்பி வந்தாள்.

"அண்ணை, உங்கட வாகனம் உள்ளுக்கு வராது."

"ஏன் வராது? தம்பு எந்த ஒழுங்கைக்குள்ளயும் விடுவான்."

"தம்பு அண்ணை வருவார். வாகனம் வராது. ஒரு சாண் உயரம் கூட."

"ஏணியைக் கழட்டிப்போட்டு?"

"கழட்டினா ஒரு சாண் எண்டுதான் சொல்லுறன். கழட்டாட்டி மூண்டு சாண்."

அலெக்ஸாண்டர் வளைவை அண்ணாந்து பார்த்தார். "அப்ப மேல ரெண்டு கல்லை எடுத்து விடுங்கோவன் மிஸ். ரெண்டு கல்லுத்தானே."

தன்னுடைய முன்பல் இரண்டைக் கேட்டதுபோல அவள் அவரைப் பார்த்தாள். "அந்த ரெண்டு கல்லிலதான் முழு வளைவும் நிக்குது."

தொல்லியல் உத்தியோகத்தர் முனவ்வரும் அதையேதான் சொன்னார். சிலாவத்துறைக்காரரான அவர் மெதுவாகப் பேசுவார். பேச முன் சுவரை ஒருதரம் தடவிப் பார்ப்பார், சுவரிடம் அனுமதி கேட்பதுபோல. "சேர், வளைவில ஒரு ஆணியும் அடிக்கேலாது. கோவிக்காதேங்கோ," என்றார்.

அலெக்ஸாண்டர் கோவிக்கவில்லை. ஆனால் நாலு நாள் வளைவுக்குக் கீழே வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் டிலக்சனாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். வாசலில் இருந்து முற்றம் வரைக்கும் நிலத்தில் கிடந்தது பிற்காலத்தில் யாரோ போட்ட சீமெந்து. அதை உடைக்கத் தடையில்லை. உடைத்துப் பழைய நிலத்துக்கு இறங்கினால், வளைவு தானாக உயர்ந்துவிடும். முனவ்வர் சுவரைத் தடவினார். சரி என்றார்.

உடைத்தார்கள். வாசலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. முற்றத்தின் ஓரத்துக்கு வந்தபோது நிலத்தைக் குத்திய அலவாங்கு 'டொங்' என்றது. வேலையாட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மண்ணை ஒதுக்கியபோது சதுரமாய் ஒரு கல்மூடி இருந்தது. நாலுபேர் சேர்ந்து நெம்பினார்கள். உள்ளேயிருந்து குளிர் காற்று வந்தது. அலெக்ஸாண்டர் முழந்தாளிட்டு டோர்ச்சை அடித்தார். வளைந்த கூரையோடு பெரியதொரு அறை, அறை முழுக்கத் தண்ணீர். ஒரு தவளை அவரைப் பார்த்துவிட்டு ஆற அமர உள்ளே இறங்கியது.

ஓட்டுக்கூரைகளில் விழுகிற மழை சுவருக்குள் ஓடும் குழாய் வழியாக அங்கே போய்ச் சேர்கிறது என்று டிலக்சனா அன்றைக்கே கண்டுபிடித்தாள். ஒருவருக்கும் தெரியாமல், ஒவ்வொரு மாரிக்கும் அந்தத் தொட்டி தன்பாட்டில் நிரம்பிக்கொண்டு இருந்திருக்கிறது. உவர்த்தண்ணீர் ஊரில் இத்தனை நல்ல தண்ணீர். அலெக்ஸாண்டர் கையில் அள்ளிக் குடித்தே பார்த்துவிட்டார்.

"தீயணைப்பு நிலையத்துக்கு இதைவிட வேற என்ன வேணும் மிஸ்?" என்று கேட்டுவிட்டு இன்னொரு கை அள்ளினார்.

அடுத்த நாள் முனவ்வர் வந்தார். நிலத்தில் படுத்து, தலையை உள்ளே விட்டு, நெடுநேரம் பார்த்தார். எழும்பியபோது சட்டை முழுக்கப் புழுதி, முகம் முழுக்கச் சந்தோசம். பிறகு பையில் இருந்து மஞ்சள் நாடாவை எடுத்தார்.

"சேர், இது பெரிய விசயம். மேலிடத்தில இருந்து ஆக்கள் வந்து பாக்கும்வரைக்கும் இதை ஒருத்தரும் தொடக்கூடாது. கட்டிட வேலையும் நிக்கட்டும்."

"எப்ப வருவினம்?"

"பார்ப்பம் சேர்," என்றார் முனவ்வர். அவர் 'பார்ப்பம்' என்று சொன்னால் அடுத்த மாரியும் வந்து போய்விடலாம் என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும்.

ஊரில் புதையல் என்றார்கள், கோட்டைக்குப் போகிற சுரங்கம் என்றார்கள். சந்தியோகு மட்டும் தங்கையின் வீட்டுக்கு வந்து, கதிரையில் வசதியாக இருந்துகொண்டு சொன்னார்: "தீயணைக்கிற இடத்தில தண்ணி கிடைச்சபடியால வேலையை நிப்பாட்டின ஒரே ஊர் எங்கட ஊர்தான், மச்சான்."

அது உண்மையாகவும் இருந்தது. அலெக்ஸாண்டர் எழுந்து முற்றத்துக்குப் போனார். றொஷேல் தமையனைப் பார்த்து, "இண்டைக்குக் காணும் அண்ணை," என்றாள். அவள் அப்படிச் சொல்வது அதுவே முதல்தடவை. சந்தியோகு தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, வந்த வேகத்திலேயே போனார்.

சோளகக் காற்று உக்கிரமாக வீசத் தொடங்கியிருந்தது. தெருவில் நடந்தால் மணல் கன்னத்தில் குத்தும். அப்படியொரு பின்னேரம், டிலக்சனா கந்தோரின் ஓடுகளைப் பரிசோதிக்க ஏணியில் நின்றாள். அலெக்ஸாண்டரும் தம்புவும் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வாகனம் தெருவில் நின்றது. மேலே நின்றவள்தான் முதலில் கண்டாள்.

"அண்ணை, வாடிப் பக்கம் புகை."

கடற்கரையோரம் வரிசையாக மீன்வாடிகள். எல்லாம் தென்னோலைக் கிடுகுக் கூரை, கிடுகு வேலி. உள்ளே வலைகளும், வெளியிணைப்பு எஞ்சின்களும், மண்ணெண்ணெய்ப் பீப்பாய்களும். வாடிகளுக்குப் பின்னால் வீடுகள். அலெக்ஸாண்டர் போய்ச் சேர்ந்தபோது எரிந்துகொண்டிருந்தது வரிசையில் முதல் வாடி. அது சந்தியோகுவுடையது. யாரோ கறி வைத்த அடுப்பில் இருந்து ஒரு பொறி கிளம்பியிருந்தது. மிச்சத்தைக் காற்றே செய்துவிட்டது.

சனம் வாளிகளோடு கடலுக்கும் வாடிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. கடலோ வற்றிப்போய் எங்கேயோ கிடந்தது. தம்பு குழாயை விரித்தான். அலெக்ஸாண்டர் தண்ணீரை எரிகிற வாடிக்கு அடிக்காமல் பக்கத்து வாடியின் கூரைக்கு அடித்தார். சனம் கத்தியது. அவர் திரும்பியும் பார்க்கவில்லை. முதலாவதைக் காப்பாற்ற நின்றால் ஊரே போய்விடும் என்று அவருக்குத் தெரியும். மச்சானின் வாடிதான் முதலாவது என்பதும் தெரியும்.

அப்போதுதான் உள்ளே இருமல் சத்தம் கேட்டது. சந்தியோகு வலையை இழுத்தெடுக்க உள்ளே போயிருந்தார். அலெக்ஸாண்டர் குழாயைத் தம்புவிடம் கொடுத்துவிட்டு, தன்மேல் தண்ணீரை அடிக்கச் சொல்லி, குனிந்துகொண்டு நுழைந்தார். புகைக்குள் ஒரு கால் தட்டுப்பட்டது. அந்தக் காலைப் பிடித்து இழுத்தார். காலுக்குரியவர் வலையை விடவில்லை. வலையும் சேர்ந்து வந்தது. ஒரு பெரிய மீனை இழுப்பதுபோல அவரை மணலில் இழுத்து வந்து வெளியே போட்டார்.

"விடு மச்சான், எஞ்சின் உள்ளுக்குக் கிடக்கு," என்று சந்தியோகு திமிறினார்.

"கிடந்து எரியட்டும். நீ எரிஞ்சா றொஷேலுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

தாங்கியில் தண்ணீர் முடிந்தது. பக்கத்து வாடியின் கிடுகு புகையத் தொடங்கியது. சபையின் குழாய்க்கிணறு இருப்பது ஊருக்கு வெளியே. போய் நிரப்பிக்கொண்டு வருவதற்குள் வரிசை முழுவதும் சாம்பலாகிவிடும். சனம் இவரையே பார்த்தது. கேலி செய்கிற பார்வை அல்ல அது. அதுதான் அவரை இன்னும் பயப்படுத்தியது. ஏறி இருந்து, "கந்தோருக்கு விடு," என்றார் தம்புவிடம்.

டிலக்சனா முற்றத்தில், தொட்டியை மறித்ததுபோல நின்றாள். அலெக்ஸாண்டர் உறிஞ்சு குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு வளைவுக்குள் ஓடி வந்தார். வருகிற வழியெல்லாம் அவளுக்கு என்ன சொல்வது என்று யோசித்திருந்தார். ஒரு வசனமும் அமையவில்லை.

"மிஸ், பிறகு என்னை என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ…"

"பேசிக்கொண்டு நிக்காதேங்கோ அண்ணை," என்றாள் அவள். நாடாவை அவள் ஏற்கெனவே அவிழ்த்து, ஒழுங்காகச் சுருட்டி, கைப்பைக்குள் வைத்திருந்தாள். தெருவில் நின்றவர்களைக் கூப்பிட்டு மூடியையும் பாதி தள்ளி வைத்திருந்தாள். கிணற்று வாய்போல இருந்த கல்விளிம்பில் இரண்டு சாக்குகள் மடித்துப் போடப்பட்டிருந்தன. "குழாய் சாக்குக்கு மேலால போகட்டும். கல்லில உரஞ்சக்கூடாது."

ஊர் எரிகிறது, இவள் கல்லுக்கு மெத்தை போட்டிருக்கிறாள். அலெக்ஸாண்டருக்கு அந்த இடத்தில் வைத்து அவளைக் கும்பிடவேண்டும் போல இருந்தது. கும்பிட நேரம் இருக்கவில்லை.

வாகனம் தெருவில் நிற்க, குழாய் வளைவுக்குள்ளால் தொட்டிக்குள் இறங்கியது. பம்பு உறுமியது. தாங்கி நிரம்பியது. அவர்கள் திரும்பத் திரும்ப வந்து நிரப்பிக்கொண்டு போனார்கள். ஒவ்வொருமுறை வரும்போதும் சாக்கு விலகியிருக்கிறதா என்று டிலக்சனா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது கருகும்போது நெருப்பு அடங்கியது. சந்தியோகுவின் வாடியும், அதற்கடுத்ததன் பாதிக் கூரையும் போயின. மற்றவை நின்றன. வீடுகளில் ஒரு கிடுகும் கருகவில்லை.

சந்தியோகு மணலில் வலைக்குப் பக்கத்தில் இருந்தார். மீசையில் ஒருபக்கம் எரிந்து போயிருந்தது. அலெக்ஸாண்டர் பக்கத்தில் போய் இருந்தார். 

"என்ர வாடியை விட்டுட்டுப் பக்கத்து வாடிக்குத்தானே முதல்ல அடிச்சனீ," என்றார் சந்தியோகு.

"ஓம்."

"நானெண்டாலும் அப்படித்தான் செய்திருப்பன்." பிறகு தொண்டையைச் செருமினார். "என்ன தண்ணி மச்சான் அது? கந்தோரில இருந்து கொண்டந்து அடிக்கேக்க வாய்க்குள்ளயும் தெறிச்சது. நல்ல ருசி."

அலெக்ஸாண்டர் அவருடைய மீசையைப் பார்த்தார். எவ்வளவோ சொல்லியிருக்கலாம், பதில் சொல்ல அவர் காத்திருந்த காலமும் கொஞ்சமல்ல. "மற்றப் பக்கத்தையும் வழிச்சு விடு," என்று மட்டும் சொன்னார். சந்தியோகு சிரித்தார், சிரிக்கப்போய் இருமினார், இருமிக்கொண்டே மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் முனவ்வர் வந்தார். அலெக்ஸாண்டர் சீருடை போட்டு, சப்பாத்து மினுக்கி, பதில்களை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு முற்றத்தில் நின்றார். றொஷேலும் வந்திருந்தாள். புருசனைப் பிடித்துக்கொண்டு போனால் சாப்பாடு யார் கொடுப்பது என்று, சோற்றுப் பார்சலையும் கொண்டு வந்திருந்தாள். டிலக்சனா கைப்பையைத் திறந்து, சுருட்டிய நாடாவை முனவ்வரிடம் நீட்டினாள்.

"அவிழ்த்தது நான் சேர்."

"அவிழ்க்கச் சொன்னது நான்," என்றார் அலெக்ஸாண்டர்.

"நீங்கள் சொல்ல முதலே நான் அவிழ்த்திட்டன் அண்ணை."

முனவ்வர் இரண்டுபேரையும் கவனிக்கவில்லை. முழந்தாளிட்டு, கல்விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினார். ஒரு கீறலும் இல்லை. தலையை உள்ளே விட்டார். தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது; இவ்வளவு நாளும் மூழ்கிக் கிடந்த படிக்கட்டு ஒன்று, கல்லில் வெட்டியது, சுவரோடு தெரிந்தது. வெகுநேரம் அவருடைய தலை வெளியே வரவில்லை. றொஷேல் மெதுவாக, "ஐயாவுக்கும் சேர்த்துப் பார்சல் கட்டியிருக்கலாம்," என்றாள்.

"இதைக் கட்டினவங்கள் என்னத்துக்குக் கட்டினாங்களோ, அதுக்குத்தானே நீங்கள் பாவிச்சிருக்கிறியள்," என்று தொட்டிக்குள்ளிருந்து முனவ்வரின் குரல் எதிரொலித்தது. "நான் அப்படித்தான் எழுதப்போறன். பாவிக்கிற தொட்டி பழுதாகாது. ஆனா மூடி, விளிம்பு, குழாய் வாய் ஒண்டும் மாறக்கூடாது. முற்றத்து நிலத்தையும் இனித் தோண்டேலாது."

கடைசி வசனம் அலெக்ஸாண்டருக்குக் கொஞ்சநேரம் கழித்துத்தான் விளங்கியது. முற்றத்தைத் தோண்டாவிட்டால், தோண்டிய வாசலையும் அதன் மட்டத்துக்குத் திரும்ப நிரப்பவேண்டும். நிரப்பினால் வாகனம் உள்ளே வராது. அவர் வளைவைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், மறுபடியும் வளைவைப் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பக்கத்துச் சுவரோட ஒரு கொட்டில் போட்டுத் தாங்கோ மிஸ்," என்றார். "வாகனம் வெளியிலேயே நிக்கட்டும். வெளியில நிண்டா கெதியாவும் போகலாம்."

"வளைவுக்குள்ள அப்ப என்ன நிக்கும்?" என்று றொஷேல் கேட்டாள்.

"அம்புலன்ஸ். அது பதிவு, உயரம் குறைவு."

அவள் பார்சலை அவிழ்த்து நாலுபேருக்கும் பிரித்துக் கொடுத்தாள்.

மேலிடத்து ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், முனவ்வர் எழுதியதற்குத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். வேலை திரும்பத் தொடங்கியது. ஓடுகள் மாற்றினார்கள், சுண்ணாம்பு பூசினார்கள், அறைகளில் கட்டில்கள் வந்தன. முன்பு தீர்வை வாங்கிய அறையில் ஒரு தொலைபேசி வந்தது. சந்தியோகு தன்பாட்டில் வள்ளத்துப் பையன்களைக் கூட்டிவந்து, கொட்டிலுக்குப் பனைமரம் ஏற்றி இறக்கினார். புதிய வாடிக்கும் கிடுகு வேண்டாம், தகரம் போடப்போவதாகச் சொன்னார். 

திறப்புவிழா நாளில் ஃபாதரும் ஐயரும் மௌலவியும் ஒரே வாங்கில் இருந்தார்கள். தவிசாளர் நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவில், வானம் எவரிடமும் கேட்காமல் அந்த வருடத்து முதல் மாரியைக் கொட்டியது. பட்டுச்சேலைகளும் வெள்ளைச் சட்டைகளும் முண்டியடித்துக்கொண்டு வளைவுக்குள் ஓடின. தவிசாளர் ஒலிவாங்கியோடு ஓடினார்.

அலெக்ஸாண்டர் மட்டும் முற்றத்தில் நின்றார். புதிய சீருடை உடம்போடு ஒட்டிப்போயிற்று. அவர் தலையைச் சரித்து, மூடியின் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். ஓடுகளில் விழுந்த மழை சுவருக்குள்ளால் இறங்கி, நிலத்துக்குக் கீழே, இருட்டுக்குள், முதலில் சொட்டாகவும் பிறகு தாரையாகவும் விழுகிற சத்தம் கேட்டது.

"இஞ்சாருங்கோ, நனையாமல் உள்ளுக்கு வாங்கோ," என்று றொஷேல் கூப்பிட்டாள்.

"கொஞ்சம் பொறும்," என்றார் அவர். "நிரம்புது."